ஒரே கட்டி, மூன்று பட்டைகள்: டர்பனில் ஒரு வலிப்பு நோயாளியும் வெஸ்டர்ன் பிளாட் கீற்றும்

பின்னணி

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கும் 29 வயதுப் பெண். ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஞாயிறு காலைகளில் கோயில் வகுப்பில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவர். மூன்று தலைமுறையாக மரக்கறி மட்டுமே சமைக்கும் வீடு. பாட்டி, பெற்றோர், தம்பி என்று ஐந்து பேர். வீட்டு வேலைக்கு ஒரு பெண்மணி எட்டு மாதமாக வந்துகொண்டிருந்தார்.

வகுப்பறையில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது நோயாளியின் வலக்கை விரல்கள் தாமாக வெட்டி இழுக்கத் தொடங்கின. இழுப்பு முழங்கைக்கு ஏறி, முகத்தின் வலப்பக்கத்துக்குப் பரவி, பிறகு நினைவு தப்பியது. பார்த்தவர்கள் சொன்ன கணக்கில் இரண்டு நிமிடம். நினைவு திரும்பிய பின்னும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வலக்கையில் பிடிமானம் இல்லை. காய்ச்சல், இருமல், எடைக்குறைவு எதுவும் இல்லை; தலையில் அடிபட்டதில்லை; குடும்பத்தில் வலிப்பு இல்லை. மறுநாள் நரம்பியல் பரிசோதனை முழுக்க இயல்பாக இருந்தது.

முதல் கண்டுபிடிப்புகள்

மாறுபடுமருந்து ஏற்றி எடுத்த சிடி ஸ்கேனில், இடது முன்மூளையில் கையை இயக்கும் பகுதியை ஒட்டி 11 மி.மீ. அளவில் வளையமாக ஒளிரும் ஒரே ஒரு கட்டி. சுற்றிலும் வீக்கம். நடுக்கோடு நகரவில்லை.

இந்தப் படம் தென்னாப்பிரிக்காவில் உடனே மூன்று பெயர்களை நினைவுக்குக் கொண்டுவரும்: காசநோய்க் கட்டி, நாடாப்புழுவின் நீர்க்கட்டி, எதிர்ப்பாற்றல் குன்றியவர்களின் மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணியான டாக்ஸோபிளாஸ்மா. எச்.ஐ.வி. நிலை தெரியாமல் இந்த மூன்றையும் வரிசைப்படுத்த முடியாது. ஆகவே அதே நாளில் நான்காம் தலைமுறை எச்.ஐ.வி. பரிசோதனை செய்யப்பட்டது. அது தொற்றை எதிர்த்து உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியோடு, பி24 என்ற வைரஸ் புரதத்தையும் (ஆன்டிஜென்) தேடுவது. முடிவு எதிர்மறை. டாக்ஸோபிளாஸ்மா பட்டியலில் கீழே போனது. நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை.

மிஞ்சியது இரண்டு. டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் காசநோய் எவ்வளவு பரவலானது என்பது அங்கே பணிபுரியும் எவருக்கும் தெரியும். எனவே காசநோய் மருந்தை உடனே தொடங்கிவிடலாம் என்றார் குழுவில் ஒருவர். இன்னொருவர் வேலூர் அளவுகோல்களை எடுத்து முன்வைத்தார். சிறிய ஒற்றைக் கட்டிகளை நீர்க்கட்டியின் எச்சமா காசநோய்க் கட்டியா என்று பிரித்தறிய வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் நரம்பு அறுவை மருத்துவர் ராஜசேகரும் அவருடைய சகாக்களும் 1993-இல் வெளியிட்டவை அவை. 20 மி.மீ.க்குக் குறைவான கட்டி, ஒழுங்கான விளிம்பு, நடுக்கோடு நகராமை, நாளுக்கு நாள் கூடாத நரம்புக் குறைபாடு, தலைக்குள் அழுத்தம் ஏறியதற்கான அறிகுறி இல்லாமை, உடலில் வேறெங்கும் நோய் இல்லாமை: இவை எல்லாம் சேர்ந்திருந்தால் அது நீர்க்கட்டியாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. இந்த நோயாளிக்கு அத்தனையும் பொருந்தின.

வலிப்புக்கு லெவடிராசெடம் 500 மி.கி. நாளுக்கு இருமுறை தொடங்கப்பட்டது. இன்னொரு வலிப்பு மருந்தான கார்பமசெபைன் வேண்டுமென்றே தவிர்க்கப்பட்டது. பின்னால் புழுக்கொல்லி மருந்தான ஆல்பெண்டசோல் கொடுக்க நேர்ந்தால் இரத்தத்தில் அதன் செயல்படும் வடிவத்தின் அளவைக் கார்பமசெபைன் குறைத்துவிடும்.

எலைசாவும் குடும்பத்தின் மறுப்பும்

நான்காம் நாள் தனியார் ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து நீர்க்கட்டிக்கான ஆன்டிபாடியை இரத்தத்தில் தேடும் எலைசா சோதனையின் முடிவு வந்தது: ‘நேர்மறை’. வெட்டுப்புள்ளிக்குச் சற்றே மேல். எந்த ஆன்டிஜெனைக் கொண்டு செய்தது என்று கேட்டபோது, நீர்க்கட்டிக்குள் இருக்கும் நீரை அப்படியே பயன்படுத்தும் கச்சா ஆன்டிஜென் என்று தெரிந்தது. அத்தகைய எலைசாவில் எக்கினோகாக்கஸ் என்ற இன்னொரு நாடாப்புழுவின் நீர்க்கட்டி உள்ளவரும், வேறு நாடாப்புழு உள்ளவரும்கூட நேர்மறையாக வரலாம். வெட்டுப்புள்ளிக்குப் பக்கத்தில் நிற்கும் எண்ணை வைத்து மூளைக்கு மருந்து கொடுப்பதை ஒப்புக்கொள்ள முடியாது. குழுவும் ஒப்புக்கொள்ளவில்லை.

குடும்பமும் அந்த முடிவை ஏற்கவில்லை; ஆனால் காரணம் வேறு. பாட்டி நேரடியாகவே கேட்டார்: “புரட்டாசி மட்டுமில்ல டாக்டரம்மா, வருஷம் பூரா எங்க வீட்டுல கவிச்சி கிடையாது. பன்னி தின்னா வர்ற புழு எங்க புள்ளைக்கு எப்படி வரும்?”

இந்தக் கேள்வி மருத்துவர்கள் சிலரிடமிருந்தும் வருவதுண்டு. டீனியா சோலியம் என்ற இந்தப் புழுவுக்கு மனித உடலில் இரண்டு வெவ்வேறு வாழ்க்கை. சரியாக வேகாத பன்றிக்கறியில் உள்ள நீர்க்கட்டியைத் தின்றவரின் குடலில் நாடாப்புழு வளரும். அவருக்குப் பெரும்பாலும் ஒரு தொல்லையும் தெரியாது. அவருடைய மலத்தில் வெளியேறும் முட்டை யார் வாய்க்குள் போகிறதோ அவருக்குத்தான் தசையிலும் மூளையிலும் நீர்க்கட்டி வரும். அதற்குப் பன்றிக்கறி தேவையே இல்லை. கழுவாத கை, கழுவாத கொத்தமல்லி, பச்சையாக நறுக்கிச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் வெங்காயம், கேரட் போதும். நியூயார்க்கில் பன்றிக்கறியைத் தொடாத வைதீக யூதக் குடும்பங்களில் இந்த நோய் கண்டறியப்பட்டு 1992-இல் மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது.

விளக்கியதும் குடும்பத்தின் சந்தேகம் வீட்டு வேலைக்கு வந்தவர் மேல் திரும்பியது. அதை இங்கே எழுதியாக வேண்டும், ஏனெனில் இந்த நோயில் அநேகமாக எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கிறது. மூளையில் தங்கிய நீர்க்கட்டி உயிரோடு இருக்கும் வரை பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். அது சாகத் தொடங்கும்போதுதான் பெரும்பாலும் சுற்றிலும் அழற்சி ஏற்பட்டு வலிப்பு வரும். இந்தியாவில் பணிபுரிந்து திரும்பிய பிரிட்டிஷ் படைவீரர்களைப் பற்றி 1961-இல் வெளியான பெரிய ஆய்வில், தொற்றுக்கும் முதல் வலிப்புக்கும் இடையே பெரும்பாலோருக்குப் பல ஆண்டுகள் கடந்திருந்தன. வளையமாக ஒளிரும் கட்டியை எட்டு மாதத்துக்கு முன் வந்தவரோடு முடிச்சுப் போடக் காரணம் இல்லை என்று குழு குடும்பத்திடம் தெளிவாகச் சொன்னது. அவர் வேலையில் தொடர்ந்தார்.

அந்த உரையாடலின்போதுதான் முக்கியமான ஒரு தகவல் வெளிவந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் நோயாளி ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில், முத்தாத்தாவுக்கு அருகே ஒரு கிராமப் பள்ளியில் இரண்டு ஆண்டுகள் பணியாற்றியிருந்தார். பன்றிகள் திறந்தவெளியில் திரியும், கழிப்பிட வசதி குறைந்த கிராமங்கள் அந்தப் பக்கம் உண்டு. தென்னாப்பிரிக்காவில் இந்த நோய் அதிகம் காணப்படும் பகுதி அதுதான். முதல் நாள் படிவத்தில் ‘கடந்த ஆறு மாதப் பயணம்’ என்று மட்டுமே கேட்டிருந்ததால் இது பதிவாகவில்லை.

வெஸ்டர்ன் பிளாட் ஏன், எதற்கு

கேட்க வேண்டிய சோதனை, 1989-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் ஆய்வாளர்கள் வெளியிட்ட நீர்க்கட்டி வெஸ்டர்ன் பிளாட். பன்றியிலிருந்து எடுத்த நீர்க்கட்டிகளை அரைத்து, லென்டில் லெக்டின் என்ற, மசூர்ப் பருப்பிலிருந்து பெறும் புரதம் பிடித்துக்கொள்ளும் கிளைகோபுரதங்களை (சர்க்கரை இணைந்த புரதங்களை) மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். அவை ஜெல்லில் மின்னோட்டத்தால் எடை வாரியாக ஓட விடப்பட்டு, நைட்ரோசெல்லுலோஸ் சவ்வுக்கு மாற்றப்பட்டு, சவ்வு மெல்லிய கீற்றுகளாக வெட்டப்படுகிறது. நோயாளியின் சீரத்தில், அதாவது இரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிநீரில், ஆன்டிபாடி இருந்தால் உரிய இடத்தில் பட்டை தெரியும். பார்க்க வேண்டியவை ஏழு: ஜிபி 50, ஜிபி 42-39, ஜிபி 24, ஜிபி 21, ஜிபி 18, ஜிபி 14, ஜிபி 13. ஜிபி என்பது கிளைகோபுரதம்; எண்கள் கிலோடால்டன் எடை. சிடிசி விதிப்படி ஒரு பட்டை தெரிந்தாலே நேர்மறை.

1989 கட்டுரையில் உணர்திறன் (நோயுள்ளவரை நேர்மறையாகக் காட்டும் திறன்) 98 விழுக்காடு, தனித்தன்மை (நோயில்லாதவரை எதிர்மறையாகக் காட்டும் திறன்) 100 விழுக்காடு. இந்த எண்களை மட்டும் படித்துவிட்டு வருபவர்கள்தான் ஏமாறுகிறார்கள். அதே மையத்தினர் 1991-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், இரண்டும் அதற்கு மேலும் கட்டிகள் உள்ளவர்களில் 94 விழுக்காட்டினருக்கு நேர்மறையாக வந்த கீற்று, ஒரே கட்டி உள்ளவர்களில் 28 விழுக்காட்டினருக்கே நேர்மறையானது. நம் நோயாளிக்கு ஒரே கட்டி. மறுபுறம், நோய் பரவலாக உள்ள கிராமங்களில் எந்த அறிகுறியும் இல்லாத பலருக்கும் இது நேர்மறையாக வருவது தெரிந்ததே. இவரோ அப்படிப்பட்ட பகுதியில் இரண்டு ஆண்டு வாழ்ந்தவர். ஆகவே, எதிர்மறை வந்தால் நோயை விலக்காது. நேர்மறை வந்தாலும் தலையில் உள்ளது எது என்று தனியாக நிரூபிக்காது.

பிறகு எதற்குச் செய்வது? முடிவு வருவதற்கு முன்பே குழு தாளில் எழுதிவைத்தது இது: நேர்மறை என்றால் ஸ்டீராய்டும் ஆல்பெண்டசோலும். எதிர்மறை என்றால் வலிப்பு மருந்து மட்டும், எட்டு வாரத்தில் மறு ஸ்கேன். இரண்டிலும் காசநோய் மருந்து இப்போது இல்லை. கட்டி வளர்ந்தாலோ புதிய குறைபாடு வந்தாலோ திசுப் பரிசோதனை. தெளிவில்லாத முடிவு என்றால் மறுபடி கீற்று. எதையும் மாற்றாத சோதனைக்கு இரத்தம் எடுப்பதில் பொருளில்லை; இந்தச் சோதனை ஸ்டீராய்டு பற்றிய முடிவை மாற்றும்.

தண்டுவட நீர் எடுக்கப்படவில்லை. இந்தக் கீற்றுக்குச் சீரமே போதும்; தண்டுவட நீரைவிட அது ஒரு படி மேலாகவே வேலை செய்யும்.

முதல் கீற்று

ஆராய்ச்சிக்காக இந்தக் கீற்றுகளை வைத்திருந்த ஓர் ஆய்வுக்கூடம் சோதனையைச் செய்ய ஒப்புக்கொண்டது. முதல் நாள் எடுத்த இரத்தத்தின் சீரம் மூன்று சிறு குப்பிகளாகப் பிரிக்கப்பட்டு மைனஸ் 20 டிகிரியில் இருந்தது. ஒரே குப்பியாக வைத்து ஒவ்வொரு சோதனைக்கும் உருக்கி உறைய வைத்தால் ஆன்டிபாடி கெடும். மூன்றாகப் பிரித்தது பின்னால் கைகொடுத்தது.

ஒன்பதாம் நாள் தொலைபேசியில் வந்த முடிவு இரண்டே சொல்: ‘பலவீனமான நேர்மறை’. குழு கீற்றின் படத்தைக் கேட்டு வாங்கியது. கேட்காமல் இருந்திருந்தால் அந்த இரண்டு சொல்லே நோயாளியின் கோப்பில் நிலைத்திருக்கும்.

படத்தில் ஜிபி 50 இருக்க வேண்டிய இடத்தில் தெளிவான பட்டை. ஜிபி 42-39 இடத்தில் நிழல் போன்ற ஒன்று. அதற்குக் கீழே, கீற்றின் கடைசி மூன்றில் ஒரு பங்கு முழுக்கப் பழுப்பு நிறத் திட்டு. சிறிய எடைப் பட்டைகள் நான்கும் வர வேண்டிய இடமே அதுதான். அங்கே பட்டை இருக்கிறதா இல்லையா என்று எவராலும் சொல்ல முடியாது. நோய் உறுதியானவரின் சீரத்தை இட்டு ஒப்பிடுவதற்காக வைக்கும், அதே தட்டின் நேர்மறைக் கட்டுப்பாட்டுக் கீற்றிலும் அதே முனையில் மங்கலான அதே கறை. ஆகவே கோளாறு நோயாளியின் சீரத்தில் இல்லை, தட்டில் இருந்தது.

காரணம் சாதாரணமானது. கீற்றுகளை வைக்கும் பள்ளத் தட்டு ஆடும் மேடையில் சமமாக உட்காரவில்லை. கரைசல் ஒரு பக்கமே சரிந்து, மறுமுனை இடையிடையே காய்ந்திருக்கிறது. நைட்ரோசெல்லுலோஸ் ஒருமுறை காய்ந்த இடத்தில் ஆன்டிபாடிகள் வகைதொகையில்லாமல் ஒட்டிக்கொள்ளும். பிறகு எத்தனை முறை கழுவினாலும் போகாது. சாயம் போடும்போது அந்த இடம் முழுவதும் பழுப்பாகும். சாயத்தைச் சற்று அதிக நேரம் விட்டிருந்ததும் கறையைக் கூட்டியது.

இரண்டாம் கீற்று

மறுசோதனைக்கு இரண்டாவது குப்பி உருக்கப்பட்டது. இந்த முறை ரசமட்டம் வைத்து மேடை சரிபார்க்கப்பட்டது. ஒவ்வொரு பள்ளத்திலும் 5 விழுக்காடு கொழுப்பு நீக்கிய பால்பொடியும் ட்வீன் 20-உம் கலந்த தாங்கல் கரைசல் 600 மைக்ரோலிட்டர். அதில் சீரம் 6 மைக்ரோலிட்டர், அதாவது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று. கீற்று முழுக்க மூழ்கியிருக்கிறதா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கப்பட்டது. கழுவிய பின், சாயத்தை நிறம் மாற்றும் பெராக்ஸிடேஸ் நொதி இணைத்த மனித ஐஜிஜி எதிர்ப்பு ஆன்டிபாடி, மீண்டும் கழுவல், கடைசியில் ஹைட்ரஜன் பெராக்சைடோடு டிஏபி சாயம். நேர்மறைக் கட்டுப்பாட்டில் ஏழு பட்டைகளும் தெரிந்த கணமே எல்லாக் கீற்றுகளும் ஒன்றாக நீரில் போடப்பட்டு வினை நிறுத்தப்பட்டது. டிஏபி புற்றுநோய் சந்தேகம் உள்ள பொருள்; கையுறை இல்லாமல் தொடக்கூடாது, கழிவைத் தொட்டியில் ஊற்றவும் கூடாது.

இதே வேலையில் அடிக்கடி வரும் இன்னொரு விபத்தையும் சொல்லிவிடலாம். கழுவும் கரைசல் கெடாமலிருக்க யாராவது சோடியம் அசைடு கலந்திருந்தால் பெராக்ஸிடேஸ் வேலை செய்யாது. கட்டுப்பாட்டுக் கீற்று உட்பட எல்லாமே வெள்ளையாக நிற்கும். கட்டுப்பாட்டைப் பார்க்காமல் நோயாளியின் கீற்றை மட்டும் பார்ப்பவர் அதை ‘எதிர்மறை’ என்று எழுதிவிடுவார்.

பதினாறாம் நாள் முடிவு: ஜிபி 50, ஜிபி 42-39, ஜிபி 24 மூன்றும் தெளிவு. கீழே நான்கும் இல்லை. பின்புலம் சுத்தம். எதிர்மறைக் கட்டுப்பாட்டில் ஒன்றும் இல்லை. கீற்றைச் செய்தவரும் நோயாளி விவரம் தெரியாத இன்னொருவரும் தனித்தனியே படித்து ஒரே முடிவை எழுதினர்.

மூன்று பட்டை என்றதும் மூன்று சாட்சி என்று எண்ணத் தோன்றும். அப்படியல்ல. ஜிபி 42-39 என்பது ஜிபி 24-இன் இரண்டு பிரதிகள் சேர்ந்த வடிவம். இரண்டும் ஒரே புரதக் குடும்பம். கீழே உள்ள சிறிய பட்டைகள் எட்டு கிலோடால்டன் புரதக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஜிபி 50 தனிக் குடும்பம். ஆகவே இங்கே கிடைத்தது இரண்டு குடும்பங்களின் சாட்சியம். ஜிபி 50 மட்டும் தெரிந்திருந்தால் விதிப்படி நேர்மறைதான். ஆனால் பழைய தொற்றின் தடமாகவோ புழு முட்டையோடு நேர்ந்த வெறும் தொடர்பாகவோ இருக்கலாம் என்று குழு தயங்கியிருக்கும். முதல் கீற்றில் உறுதியாகச் சொல்லக்கூடியதாக இருந்தது அந்த ஒன்றுதான்.

முடிவும் சிகிச்சையும்

இந்த நோயைக் கண்டறிவதற்கென உள்ள, 2017-இல் திருத்தப்பட்ட டெல் புரூட்டோ அளவுகோலின்படி இது ‘வாய்ப்புள்ள’ மூளை நீர்க்கட்டி நோய். எம்ஆர்ஐயில் புழுவின் தலைப்பகுதி தெரிந்தால் ‘உறுதி’ ஆகியிருக்கும். எடுத்த எம்ஆர்ஐயில் வளையத்தின் ஓரமாக ஒரு புள்ளி தெரிந்தது. இரண்டு கதிரியக்க மருத்துவர்கள் அதைப் பற்றி உடன்படவில்லை. எனவே அது கணக்கில் சேர்க்கப்படவில்லை.

மருந்துக்கு முன் மூன்று சோதனைகள். கண்ணுக்குள் நீர்க்கட்டி இல்லை என்று கண் மருத்துவர் கண்மணியை விரித்துப் பார்த்து உறுதிசெய்தார். கண்ணில் கட்டி இருக்கையில் ஆல்பெண்டசோல் கொடுத்தால் அழற்சியில் பார்வை போகலாம். கர்ப்பமில்லை என்று உறுதிசெய்யப்பட்டது. ஸ்டீராய்டால் சீறக்கூடிய ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழு மலத்தில் இல்லை.

பிரெட்னிசோலோன் ஒரு நாள் முந்தித் தொடங்கப்பட்டது. நோயாளியின் எடை 58 கிலோ. நாளொன்றுக்குக் கிலோவுக்கு 15 மி.கி.க்கு மிகாமல் ஆல்பெண்டசோல் 400 மி.கி. நாளுக்கு இருமுறை, பத்து நாள். வெறும் வயிற்றில் இது சரியாக உறிஞ்சப்படாது. எண்ணெயோ நெய்யோ உள்ள சாப்பாட்டோடு எடுக்கச் சொல்லப்பட்டது. மூன்றாம் நாள் தலைவலி வந்து இரண்டு நாளில் அடங்கியது. வலிப்பு வரவில்லை.

வீட்டில் உள்ளோர்

நாடாப்புழு சுமப்பவர் வீட்டில் இருக்கிறாரா என்று பார்ப்பது நோயாளியின் கீற்றால் ஆகாத காரியம். குடல் நாடாப்புழுவுக்கு வேறு ஆன்டிஜென்கள் கொண்ட தனிக் கீற்று உண்டு; இரண்டையும் ஒன்றென்று குழப்பிக் கோரிக்கைப் படிவம் எழுதுவது வழக்கமான தவறு. இங்கே மலப் பரிசோதனையே செய்யப்பட்டது. நோயாளி, குடும்பத்தினர், வேலைக்கு வருபவர் ஆகிய எல்லோரிடமும் ஒரே நாளில், ஒரே மாதிரிக் குப்பிகளில், பெயரில்லாமல் எண்ணிட்டு, அவரவர் சம்மதத்தோடு. வெவ்வேறு நாள்களில் மும்மூன்று மாதிரிகள். நுண்ணோக்கியோடு மல ஆன்டிஜென் சோதனையும். அனைவருக்கும் எதிர்மறை. தொற்று எங்கிருந்து வந்தது என்பது முடிவாகவில்லை. முத்தாத்தா ஆண்டுகளே காலக்கணக்குக்குப் பொருந்துகின்றன.

பின்தொடர்தல்

மூன்றாம் மாத சிடியில் கட்டி 4 மி.மீ.; வீக்கம் இல்லை. காசநோய் மருந்து ஒரு மாத்திரைகூடக் கொடுக்காமல் இவ்வளவு சுருங்கியதால் காசநோய்க் கட்டி என்ற எண்ணம் கைவிடப்பட்டது. ஆனால் ஸ்டீராய்டு கொடுத்த பின் சுருங்கியதை அளவுகோல் உறுதிச் சான்றாக ஏற்பதில்லை என்பதால் கோப்பில் ‘வாய்ப்புள்ள’ என்ற சொல் மாற்றப்படவில்லை.

ஆறாம் மாதத்தில் வளையம் மறைந்து, அதே இடத்தில் 2 மி.மீ. சுண்ணாம்புப் புள்ளி. அதற்குள் வலிப்பு ஒன்றும் இல்லை. கட்டி தடமின்றி மறைந்திருந்தால் வலிப்பு மருந்தை அப்போதே குறைத்திருக்கலாம். சுண்ணாம்புப் புள்ளி மீண்டும் வலிப்பைத் தூண்டும் வாய்ப்பைக் கூட்டுவது. ஆகவே லெவடிராசெடம் தொடர்ந்தது. கார் ஓட்டும் தடையும் தொடர்ந்ததில் நோயாளிக்கு வருத்தம்தான்.

புழு போய்விட்டதா என்று பார்க்க மீண்டும் கீற்றுச் சோதனை செய்யலாமா என்று தம்பி கேட்டார். மறுக்கப்பட்டது. புழு செத்த பிறகும் ஆன்டிபாடிகள் ஆண்டுக்கணக்கில் இருக்கும். பட்டைகள் அப்படியே தெரிவதைக் கண்டு வீடு வீணாகப் பயப்படும். ஸ்கேன்தான் வழி.

இனி மாற வேண்டியவை

முதல் வலிப்போடு வருபவரின் படிவத்தில் ‘கடந்த ஆறு மாதம்’ என்ற கேள்வி ‘கடந்த பத்து ஆண்டுகளில் எங்கெல்லாம் வாழ்ந்தீர்கள்’ என்று மாற்றப்பட்டது. மரக்கறி உண்பவர் என்ற பதிவு நீர்க்கட்டியைப் பட்டியலிலிருந்து நீக்கக் காரணமாகாது என்று அதன் கீழேயே அச்சிடப்பட்டது. கச்சா ஆன்டிஜென் எலைசா இந்தக் கேள்விக்கு இனிக் கோரப்படாது.

ஆய்வுக்கூடத்தோடு செய்த ஏற்பாடு இது: வெஸ்டர்ன் பிளாட் முடிவு தெரிந்த பட்டைகளின் பட்டியலாகவும், கட்டுப்பாட்டுக் கீற்றுகள் இரண்டோடும் சேர்த்து எடுத்த படமாகவும் வர வேண்டும், ‘பலவீனமான நேர்மறை’ என்ற சொல் வேண்டாம். கீற்றின் எந்தப் பகுதியாவது படிக்க முடியாதிருந்தால் முடிவே அனுப்பக்கூடாது, அதே வாரத்தில் மறுசோதனை. இரத்தம் எடுத்த அன்றே சீரத்தைக் குறைந்தது மூன்று குப்பிகளாகப் பிரித்து உறைய வைப்பது எங்கள் பக்கத்துக் கடமை.